நீலன்களின் வழித்தடம் கண்டவருக்கு

மதிப்பிற்குரிய விளாதிமிர் நபகோவ் அவர்களுக்கு,



உங்கள் நாவல்களைப் படித்துவிட்டு உங்களுக்கு எழுதியவர்கள் ஏராளம். நான் எழுதுவது வேறொன்றுக்காக. 1945-ஆம் ஆண்டு 'சைக்கி' என்ற பூச்சியியல் இதழில் தென்னமெரிக்க நீலன்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டீர்கள். ஆண்டிஸ் மலைத்தொடரிலும் அதைச் சுற்றியும் பறக்கும், சிறகு விரித்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தேறாத சின்னஞ்சிறு பட்டாம்பூச்சிகள் அவை. அந்தக் கட்டுரைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நீங்கள் மறைந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இருந்தாலும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் மேற்குத் தொடர்ச்சி மலையில் பட்டாம்பூச்சி பார்க்கிறவன். பூச்சியியல் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளி ஓரங்களில் நின்று பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி மட்டும் விடாமல் கூடவே வந்தது. இந்த உயரத்தில் மட்டுமே வாழும் இந்தப் பூச்சி இங்கே எப்படி வந்து சேர்ந்தது? சமவெளியில் அதற்கு வாழ்வில்லை. அதன் சொந்தங்கள் இமயமலையில் இருக்கின்றன. நடுவே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் சூடான நிலம் கிடக்கிறது. இந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும், எதைக் கொண்டு விடை தேட வேண்டும் என்று எனக்குக் காட்டியது உங்கள் கட்டுரைதான்.

1940-இல் போரிலிருந்து தப்பி, மனைவி வேரா அம்மையாரோடும் சிறு மகனோடும் நியூயார்க்கில் வந்து இறங்கினீர்கள். நிலையான வேலை கிடையாது. அந்த நிலையிலும் அங்கிருந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய், சம்பளம் இல்லாமல், பூச்சிப் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள். பிறகு ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகம் உங்களுக்கு ஒரு மேசையும் சொற்ப ஊதியமும் தந்தது. 1948 வரை அந்த மேசையில் நீங்கள் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

நீலன்களைச் சிறகைப் பார்த்து இனம் பிரிப்பது கடினம் என்பது வயலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே நீலமோ பழுப்போ, கீழே சில புள்ளிகள். ஒரே இனத்துக்குள் அந்தப் புள்ளிகள் மாறும். தொடர்பே இல்லாத இரண்டு இனங்களில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். நிறம் ஏமாற்றும் என்பதால் நீங்கள் ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நம்பினீர்கள். வயிற்றின் நுனியைப் பிரித்தெடுத்து, காரக் கரைசலில் இட்டுத் தசையை நீக்கி, மிஞ்சும் கெட்டியான பகுதியைக் கிளிசரினில் போட்டு நுண்ணோக்கியில் வைப்பீர்கள். ஒரு கொக்கியின் வளைவு, ஒரு முள்ளின் நீளம், இரண்டு இதழ்களுக்கு இடையிலான கோணம் என எல்லாவற்றையும் அளந்து வரைவீர்கள். சிறகின் செதில் வரிசைகளைக்கூட எண்ணி, எந்தப் புள்ளி எத்தனையாவது வரிசையில் தொடங்குகிறது என்று குறித்து வைத்தீர்கள். இந்த உழைப்பு உங்கள் கண்களைப் பாதித்தது. அப்படியும் அந்த ஆண்டுகளை நீங்கள் மகிழ்ச்சியாகவே நினைவுகூர்ந்தீர்கள் என்று அறிந்தபோது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

தென்னமெரிக்காவுக்கு நீங்கள் போனதே இல்லை. உங்களிடம் இருந்தவை, யாரோ பிடித்து, ஊசியில் குத்தி, அடியில் ஒரு சிறு சீட்டில் இடமும் நாளும் எழுதி அனுப்பிய மிகச் சில மாதிரிகள் மட்டுமே. அவற்றை வைத்துக்கொண்டு, அதுவரை ஒரே குவியலாகக் கிடந்த பூச்சிகளைப் பிரித்துப் புதிய பேரினங்களை அமைத்தீர்கள். அதோடு நிற்கவில்லை. இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டீர்கள்.

நீங்கள் சொன்ன விடை துணிச்சலானது. அமெரிக்கக் கண்டங்களின் நீலன்கள் ஆசியாவிலிருந்து வந்தவை. சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே இன்று பெரிங் நீரிணை இருக்கும் இடத்தின் வழியாக, ஒரே தடவையில் அல்ல, ஐந்து தனித்தனி அலைகளாக வந்தன. முதலில் வந்தவை தெற்கே இறங்கி ஆண்டிஸ்வரை போய்ச் சேர்ந்தன. பின்னால் வந்தவை வடஅமெரிக்காவில் தங்கின. வெல்ஸின் கதையில் வரும் காலப்பொறியில் ஏறிப் பழைய ஊழிக்குப் போகும் ஒரு வகைப்பாட்டாளரைக்கூட அந்தக் கட்டுரையில் கற்பனை செய்திருந்தீர்கள். ஆனால் விடையின் ஆதாரம் கற்பனை அல்ல. கண்ணாடிக் குப்பிகளில் மிதந்த அந்தக் கொக்கிகளும் முட்களும்தான்.

அக்காலத்தில் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. நாவலாசிரியர் ஒருவரின் பொழுதுபோக்கு என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். நீங்கள் அமைத்த ஒரு பேரினத்தின் பெயர் ஏற்கெனவே வேறொரு உயிரினத்துக்கு இடப்பட்டிருந்ததால், 1960-இல் ஹெம்மிங் என்ற பூச்சியியலாளர் அதை மாற்றி 'நபகோவியா' என்று உங்கள் பெயரையே சூட்டினார். பிறகு ஹங்கேரியின் சோல்ட் பாலிண்ட், அமெரிக்காவின் கர்ட் ஜான்சன், இஸ்ரேலின் டூபி பென்யாமினி ஆகியோர் ஆண்டிஸ் நீலன்களைத் தேடிப் போனார்கள். புதிது புதிதாக இனங்கள் கிடைத்தன; நீங்கள் போட்ட வகைப்பாட்டுச் சட்டகத்துக்குள் அவை பொருந்தின. அவற்றில் பலவற்றுக்கு உங்கள் கதைமாந்தர்களின் பெயர்களை வைத்தார்கள். ஒன்றுக்கு 'வேரா' என்று உங்கள் மனைவியின் பெயர். உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ராக்கி மலைச் சாலைகளில் கோடைக்குக் கோடை உங்களை ஏற்றிக்கொண்டு போனவர் அவர். அந்தப் பெயரைப் படித்தபோது நியாயமான மரியாதை என்று தோன்றியது.

நீங்கள் இல்லாத காலத்தில் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும். 1999-இல் உங்கள் நூற்றாண்டுக்காக ஹார்வர்டில் ஒரு கண்காட்சி அமைத்தார்கள். நீங்கள் வேலை செய்த அதே அருங்காட்சியகத்தில் பட்டாம்பூச்சித் தொகுப்பைக் கவனிக்கும் நவோமி பியர்ஸ் அதற்காக உங்கள் கட்டுரைகளை ஊன்றிப் படித்தார். ஐந்து அலைகள் என்ற கருத்தைச் சோதித்துப் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவரும் ராஜர் விலாவும் மற்றவர்களும் ஆண்டிஸ் மலையில் ஏறிப் பூச்சிகளைச் சேகரித்தார்கள். ஆசிய, ஐரோப்பிய, வடஅமெரிக்க உறவினங்களையும் சேர்த்து டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். 2011-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் முடிவு வெளிவந்தது. நீங்கள் சொன்னது சரி. ஐந்து வருகைகள். முதலாவது ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன். கடைசி ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அவற்றின் வரிசைகூட நீங்கள் சொன்ன வரிசையே.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு பகுதி. இன்றைய இனங்கள் எவ்வளவு குளிரையும் வெப்பத்தையும் தாங்குகின்றன என்பதிலிருந்து, அவற்றின் மூதாதைகள் எப்படி இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். முதலில் கடந்தவை ஓரளவு இதமான சூட்டுக்குப் பழகியவை. பின்னால் வந்தவை மேலும் மேலும் குளிர் தாங்குபவை. அந்தக் கோடி ஆண்டுகளில் பெரிங் நிலப்பாலம் படிப்படியாகக் குளிர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு அலையும் அதனதன் காலத்துக் குளிரைத் தாங்கியே கடந்திருக்கிறது. உடலுக்குள் வழியும் காலமும் பதிவாகி இருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆண்டிஸில் 4,000 மீட்டருக்கு மேலும் நீலன்கள் பறக்கின்றன. கடலோரத்திலிருந்து உச்சிவரை ஒரே மலைச்சரிவில் பல தட்பவெப்பங்கள். பள்ளத்தாக்குகள் சிகரத்தைச் சிகரத்திலிருந்து பிரிக்கின்றன. பனியுகங்களில் பனி கீழே இறங்கும்போது பூச்சிகளும் இறங்கி ஒன்றுகலக்கும். சூடு ஏறும்போது தனித்தனி உச்சிகளுக்குப் பிரிந்து போகும். இப்படிப் பலமுறை சேர்ந்தும் பிரிந்தும் வந்ததால்தான் மலைகளில் இவ்வளவு இனங்கள்.

நீங்கள் கடைசியாக விரிவாக ஆராய்ந்தது வடஅமெரிக்காவின் 'லைகைடிஸ்' பேரினம். 1949-இல் அந்த நூலளவுக் கட்டுரை வந்தது. அதில் கொலராடோ மலைப் பூச்சி ஒன்றுக்கு ஆண்களை மட்டும் வைத்துப் பெயரிட்டிருந்தீர்கள்; பெண்ணை யாரும் பார்த்ததில்லை. 1951-இல் டெலுரைட் ஊருக்கு மேலே சரிவுகளில் ஏறி அந்தப் பெண்ணை நீங்களே கண்டுபிடித்தீர்கள். அதே பேரினத்தைப் பற்றிப் பின்னாளில் தெரியவந்த ஒரு செய்தியை உங்களிடம் சேர்க்க எனக்கு மிகுந்த ஆசை.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை உச்சியில், மரங்களும் நின்றுவிடும் உயரத்தில், லைகைடிஸ் கூட்டம் ஒன்று வாழ்கிறது. நீங்கள் பிரித்துக் காட்டிய இரண்டு இனங்கள் என்றோ கலந்து, அந்தக் கலப்பிலிருந்து உருவான கூட்டம் அது என்று 2006-இல் சக்கரி கோம்பர்ட், ஜேம்ஸ் ஃபோர்டைஸ், கிறிஸ் நைஸ், ஆர்தர் ஷப்பிரோ முதலியோர் காட்டினார்கள். பெற்றோர் இனங்கள் இரண்டும் அந்த உச்சியில் வாழ்வதில்லை. கலப்பில் பிறந்தது மட்டும் அங்கே ஏறி நிலைத்திருக்கிறது. அது எப்படி நிலைத்தது என்பதற்கு அவர்கள் கண்ட ஒரு சான்று முட்டை.

பட்டாம்பூச்சி முட்டைகள் பொதுவாகச் செடியில் பசைபோட்டு ஒட்டியிருக்கும். இந்த உச்சிவாசியின் முட்டை ஒட்டாது. செடியிலிருந்து உதிர்ந்து கீழே விழுந்துவிடும். முதலில் கேட்கும்போது குறைபாடு என்றுதான் தோன்றும். அந்த உயரத்தில் புழு தின்னும் செடியின் தண்டும் இலையும் குளிர்காலத்தில் காய்ந்து, மலைக்காற்றில் அடித்துக்கொண்டு போய்விடும். ஒட்டிய முட்டையும் அதோடு போகும். விழுந்த முட்டையோ செடியின் அடியிலேயே பனிக்குக் கீழே கிடந்து, வசந்தத்தில் துளிர் வரும் இடத்தில் பொரிக்கும். பசை இல்லாமல் போனதே அங்கே பிழைக்கும் வழி. கீழே வாழும் உறவினங்களுக்கு அந்தத் தேவை இல்லை. அவற்றின் முட்டைகள் ஒட்டுகின்றன.

இந்த இடத்தில் உங்களோடு எனக்குள்ள ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பூச்சி இன்னொன்றைப் போலத் தோற்றம் கொள்ளும் அதிசயத்தை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது என்று நீங்கள் நம்பினீர்கள். உயிர் பிழைக்கத் தேவையானதைவிட அதில் நுட்பம் அதிகம் என்பது உங்கள் வாதம். அந்த நுட்பத்தின் மீது நீங்கள் கொண்ட வியப்பை நான் முழுமனதோடு பகிர்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. ஒட்டாத அந்த முட்டை ஒன்றே எனக்குப் போதுமான சான்று. தலைமுறை தலைமுறையாகக் காற்று செய்த வேலை அது. நீங்கள் இருந்திருந்தால் அந்த முட்டையின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் வைத்து, என்னோடு வாதாட இன்னும் நூறு நுணுக்கங்களைக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

கலப்பு என்றதும் உங்கள் மூலினே நினைவுக்கு வருகிறது. 1938 கோடையில் பிரான்சின் தென்கிழக்கு ஆல்ப்ஸில், அந்தக் கிராமத்துக்கு மேலே, எந்தப் புத்தகத்திலும் இல்லாத நீலன் ஒன்றைப் பிடித்தீர்கள். 1941-இல் அதற்கு 'கார்மியன்' என்று பெயரிட்டு வெளியிட்டீர்கள். அது தனி இனம் அல்ல, அங்கு வாழும் இரண்டு நீலன்களின் கலப்பு என்று பிற்காலத்தில் தெரிந்தது. இதனால் உங்கள் மதிப்பு என்னிடம் குறையவில்லை, கூடியது. மலையில் இனங்களின் எல்லை எங்கே நெகிழ்கிறதோ சரியாக அந்த இடத்தில் உங்கள் வலை விழுந்திருக்கிறது. சியரா உச்சியில் அதுபோன்ற கலப்பு ஒன்று நிலைத்துத் தனி வாழ்க்கை தொடங்கியது, மூலினேயில் நிலைக்கவில்லை. ஏன் ஓரிடத்தில் நிலைக்கிறது, இன்னோரிடத்தில் மறைகிறது என்பது மலைப் பட்டாம்பூச்சி ஆய்வின் உயிரான கேள்விகளில் ஒன்று.

பிரிவதற்கு நீலன்கள் கண்ட இன்னொரு வழி குரோமோசோம்களில் இருக்கிறது. ஐரோப்பிய மலைகளிலிருந்து துருக்கி, ஆர்மீனியா, ஈரான் வழியாக நடு ஆசியாவரை 'அக்ரோடயட்டஸ்' என்ற நீலன் கூட்டம் பரவியிருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்குள் தோன்றியவை. பல இனங்கள் பார்வைக்கு ஒன்றே. ஆனால் குரோமோசோம் எண்ணிக்கை ஓர் இனத்தில் 10 ஜோடி, இன்னொன்றில் 134 ஜோடி. விளாதிமிர் லுக்தானோவும் பியர்ஸும் மற்றவர்களும் 2005-இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: நெருங்கிய இரண்டு இனங்கள் ஒரே மலைச்சரிவில் சேர்ந்து வாழும் இடங்களில்தான் ஆண்களின் சிறகு நிறம் தெளிவாக வேறுபடுகிறது. தவறான துணையைத் தேடிப் போய் வாரிசை இழக்காமல் இருக்க நிறம் உதவுகிறது.

மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் அட்லஸ் மலையில் வாழும் ஒரு நீலனுக்கு 229 ஜோடிக் குரோமோசோம்கள். விலங்குலகில் அறியப்பட்டவற்றில் இதுதான் மிக அதிகம். 2025-இல் அதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்துவிட்டார்கள். அந்தக் குழுவிலும் ராஜர் விலா இருக்கிறார். நெருங்கிய உறவினங்களுக்கு 23 அல்லது 24 ஜோடிதான். மரபணுச் செய்தி பெருகவில்லை. ஒரே பெரிய நூலைப் பல சிறு தொகுதிகளாகப் பிரித்துப் பைண்டிங் செய்ததுபோல, இருந்த குரோமோசோம்களே துண்டுபட்டிருக்கின்றன. நுண்ணோக்கியில் கொக்கிகளை எண்ணிய உங்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்திருக்கும்!

இப்போது எங்கள் மலைக்கு வருகிறேன்.

நீலகிரியிலும் அதற்குத் தெற்கே உள்ள உயர்மலைகளிலும், சோலைக் காடுகளும் புல்வெளிகளும் மாறி மாறி வரும் உயரத்தில், 'கோலியாஸ் நீலகிரியென்சிஸ்' என்ற மஞ்சள் பட்டாம்பூச்சி பறக்கிறது. 1859-இல் ஃபெல்டர் என்ற பூச்சியியலாளர்கள் இருவர் பெயரிட்டது. கோலியாஸ் பேரினம் குளிர்நாடுகளுக்கும் உயர்மலைகளுக்கும் உரியது. இமயமலையில் அதற்கு நிறைய உறவினங்கள். அமெரிக்காவில் வார்ட் வாட் இந்தப் பேரினத்தை வைத்து 1968-இல் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டினார். இவை சிறகை மூடி, பக்கவாட்டில் வெயிலுக்குக் காட்டி உட்காரும். உடற்சூடு 35 டிகிரி செல்சியஸை நெருங்காமல் நன்றாகப் பறக்க முடியாது. உயரம் கூடக் கூடப் பின்சிறகின் கீழ்ப்பக்கம் கருமை கூடுகிறது. கருமை வெயிலைச் சீக்கிரம் உள்வாங்குகிறது. உதகைக்கு அருகே புல்வெளியில் மேகம் விலகியதும் எங்கள் கோலியாஸ் ஒரு புல்லில் அமர்ந்து, மெல்லச் சாய்ந்து, வெயிலுக்கு நேராகத் தன்னைத் திருப்பிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் வாட் அவர்களுக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.

ஆனால் அது இங்கே எப்படி வந்தது என்று கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். 'வனெசா இண்டிகா' என்ற செம்பட்டைப் பூச்சி இமயத்தில் இருக்கிறது. நடு இந்தியச் சமவெளியைத் தாண்டி மீண்டும் எங்கள் மலைகளிலும் இலங்கையின் மலைநாட்டிலும் இருக்கிறது. அதன் புழு காஞ்சொறி வகைச் செடிகளைத் தின்னும். முட்டைக்கோசுத் தோட்டங்களில் பறக்கும் 'பியரிஸ் கனிடியா' என்ற வெள்ளையனும் இமயத்திலும் எங்கள் மலைகளிலும் இருக்கிறது. இவை இமயத்தில் இருக்கும் அதே இனங்கள். கோலியாஸ் அப்படி அல்ல. அது இங்கே தனி இனமாகிவிட்டது. 'பரான்டிகா நீலகிரியென்சிஸ்' என்ற வரியனும் இந்த மலைகளுக்கே உரிய தனி இனம். இலங்கையின் மலைநாட்டிலும் அதே பேரினத்தின் தனி இனம் ஒன்று வாழ்கிறது.

உங்கள் ஐந்து அலைகளைப் படித்த பிறகு இந்தப் பட்டியலை என்னால் ஒரே பட்டியலாகப் பார்க்க முடியவில்லை. இன்னும் பிரியாதவை பிந்தி வந்தவையாக இருக்கலாம். தனி இனமானவை முந்தி வந்து நெடுங்காலம் துண்டுபட்டுக் கிடந்தவையாக இருக்கலாம். இது என் ஊகம். எல்லா இனமும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்பதால் தோற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. டிஎன்ஏதான் சொல்ல வேண்டும். ஆனாலும் கேள்வி பிறந்துவிட்டது. மேகமலையில் ஏறினாலும் அவலாஞ்சியில் நின்றாலும் நான் இப்போது பார்ப்பது ஒரு காலத்துப் பூச்சிகளை அல்ல. வெவ்வேறு ஊழிகளில் வந்து சேர்ந்தவை ஒரே வெயிலில் பறக்கின்றன.

வழியைப் பற்றியும் எங்களிடம் ஒரு பழைய விவாதம் உண்டு. இமயத்து உயிரினங்கள் விந்திய, சாத்புரா மலைகள் வழியாகத் தெற்கே வந்திருக்கும் என்று மீன்களை ஆராய்ந்த சுந்தர்லால் ஹோரா 1949-இல் எழுதினார். அதை ஏற்பவரும் மறுப்பவரும் இன்றும் இருக்கிறார்கள். நீலகிரியின் கரிச்சேற்று நிலங்களைத் தோண்டி, அதில் படிந்த கார்பனை அளந்து, ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம். கடந்த 20,000 ஆண்டுகளில் இந்த மலையில் புல்வெளிகளின் காலமும் ஈரம் விரும்பும் தாவரங்களின் காலமும் மாறி மாறி வந்தன என்று அது காட்டியது. குளிரும் வறட்சியும் கூடிய பனியுகத்தின் உச்சத்தில் புற்கள் மேலோங்கியிருந்தன. புல்வெளிப் பூச்சிகள் அன்று பரவிக் கிடந்திருக்க வேண்டும். பிறகு உச்சிகளில் ஒதுங்கியிருக்க வேண்டும். நீலகிரியையும் ஆனைமலையையும் பிரிக்கும் பாலக்காட்டுக் கணவாய் சோலைப் பறவைகளை வெவ்வேறு இனங்களாகப் பிரித்திருப்பதை வி. வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் டிஎன்ஏ கொண்டு காட்டியிருக்கிறார்கள். அதே கணவாய் பட்டாம்பூச்சிகளுக்குச் செய்தது என்ன என்பதைப் பூச்சிக்குப் பூச்சி கேட்க வேண்டும். கேட்கும் இளைஞர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வந்துகொண்டிருக்கிறார்கள். நீலன், வெள்ளையன், வரியன் என்று குடும்பப் பெயர்களைத் தமிழில் சொல்லியே பேசுகிறார்கள்.

அவர்களுக்குக் காலம் குறைவு. எங்கள் புல்வெளிகளில் பெரும்பகுதி கற்பூர மரத்துக்கும் சீகைக்கும் பைனுக்கும் தேயிலைக்கும் போய்விட்டது. மலைப் பூச்சிக்குச் சூடு ஏறினால் இன்னும் மேலே போவதுதான் வழி. தொட்டபெட்டாவின் 2,637 மீட்டருக்கு மேல் நீலகிரியில் போக இடமில்லை. கலிபோர்னியாவில் ஆர்தர் ஷப்பிரோ 1972-இல் தொடங்கி, கடல்மட்டத்திலிருந்து சியரா நெவாடாவின் உச்சிவரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே பாதையில் நடந்து பட்டாம்பூச்சிகளைப் பதிவு செய்தார். 35 ஆண்டுப் பதிவுகளை, 159 இனங்களைத் தொகுத்து 2010-இல் வெளியிட்டபோது, பூச்சிகள் மேலே நகர்வது தெரிந்தது. தாழ்நிலத்தில் குறைவதும் தெரிந்தது. உங்கள் லைகைடிஸ் பறக்கும் அதே மலை. இந்தப் பொறுமையை நான் உங்கள் பொறுமையோடு சேர்த்தே நினைக்கிறேன்.

எங்களுக்கும் அப்படிப்பட்ட முன்னோடிகள் உண்டு. நீலகிரியில் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் ஹாம்சன் 1888-இல் அந்த மாவட்டத்துப் பட்டாம்பூச்சிகளைப் பட்டியலிட்டார். 1940-களில் விண்டர்-பிளித், 1980-களில் டென்மார்க்கின் டோர்பன் லார்சன். எந்தப் பூச்சி, எந்த உயரம், எந்த மாதம் என்று அவர்கள் எழுதி வைக்காமல் போயிருந்தால், எது குறைந்தது, எது மேலே ஏறியது என்று இன்று எங்களால் கேட்கவே முடியாது. யாரோ பெயர் தெரியாதவர் ஆண்டிஸில் எழுதிய சீட்டு இல்லாமல் உங்கள் கட்டுரையும் இல்லை. ஆகவே இந்த நன்றியில் பாதி அந்தச் சீட்டுகளை எழுதிய கைகளுக்கும் சேர வேண்டும். நீங்கள் மறுக்க மாட்டீர்கள்.

1975-இல், எழுபத்தாறு வயதில், தாவோஸ் மலைச்சரிவில் வலையோடு போனபோது விழுந்தீர்கள். அதற்குப் பிறகு உடல்நிலை பழையபடி ஆகவில்லை. 1977 ஜூலை 2 அன்று காலமானீர்கள். உங்கள் கடைசி ஆண்டுகளில் ஆல்ப்ஸில் சேர்த்த பூச்சிகள் லோசான் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 2011-இன் முடிவு உங்கள் காதில் விழவில்லையே என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி வருந்தவில்லை. உங்கள் முடிவில் உங்களுக்குச் சந்தேகம் இருந்ததாக உங்கள் 1945 கட்டுரையின் எந்த வரியும் எனக்குக் காட்டவில்லை. கண்ணால் பார்த்து, அளந்து, வரைந்தவரின் உறுதி அது.

எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் விடுமுறை நாட்களில் என்னோடு மலைக்கு வருகிறார்கள். இடம், உயரம், நாள், உட்கார்ந்திருந்த செடி ஆகிய நான்கையும் எழுதாமல் ஒரு பூச்சியின் பெயரைக் குறிப்பேட்டில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் விதி. ஏன் என்று கேட்டால் உங்கள் கதையைச் சொல்கிறேன். போன தடவை ஒரு சிறுமி, பெரிங் வழியாக வந்தவை ஐந்து அலை என்றால் நம் மலைக்கு வந்தவை எத்தனை என்று கேட்டாள். அந்தக் கேள்வியை உங்களுக்கு எழுதி அனுப்புவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.


மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலிருந்து
ஒரு பட்டாம்பூச்சி ஆர்வலர்